தளர்ந்த இதயமும் நோய் எதிர்ப்புச் செல்களும்: தீராத ஒரு வழக்கு

இதயத் தசைக்குச் சேதம் நேர்ந்தால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. மாரடைப்பென்றால் சில மணி நேரத்தில் வந்துவிடும். நெடுநாள் ரத்தக் கொதிப்பால் மெல்லத் தளரும் இதயமென்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேரும். வருபவை இதயத்தை ஆற்றுகின்றனவா, அழிக்கின்றனவா? இந்தக் கேள்விக்கு மருத்துவம் காலத்துக்கொரு பதில் சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிலும் ஒரு சிகிச்சையைப் பெற்றெடுத்தது. அவற்றில் சில நோயாளிகளைப் பாதித்தும் விட்டன. அதனால் இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் கேள்வியல்ல.

இதயச் செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உடலுக்கு வேண்டிய ரத்தத்தை இதயத்தால் போதிய அளவு இறைக்க முடியாத நிலையே அது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், படுத்தால் திணறும். இதில் இரண்டு வகை உண்டு. சுருங்கும் வலு குறைந்த இதயம் ஒன்று. சுருங்கும் வலு இருந்தும் விறைத்துப்போய், ரத்தத்தை வாங்கிக்கொள்ளச் சரியாக விரிய முடியாத இதயம் மற்றொன்று. நோய் எதிர்ப்புச் செல்கள் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதற்கான அறிகுறிகள் கூடிக்கொண்டே வருகின்றன.

துப்புரவா, தாக்குதலா?

முதல் பதில் பிணக்கூறாய்விலிருந்து வந்தது. 1939-இல் மேலரி, பால் டட்லி வைட், சால்சிடோ-சால்கர் ஆகிய மூவரும் மாரடைப்பால் இறந்தவர்களின் இதயங்களை எடுத்து, மாரடைப்பு வந்து எத்தனை நாளில் இறந்தார்கள் என்ற வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். முதல் நாட்களில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. அடுத்து வந்தவை செத்த தசையை விழுங்கி அகற்றும் செல்கள். வாரங்கள் கழிந்தபின் உறுதியான வடு. இந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு வெள்ளணுக்கள் துப்புரவுப் பணியாளர்களாகவே தெரிந்தன.

அழற்சியை அடக்கினால் தசை கூடுதலாகப் பிழைக்குமே என்ற எண்ணம் பின்னர் வலுத்தது. விலங்குச் சோதனைகளும் அதை ஆதரித்தன. மாரடைப்பு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். மெத்தில்பிரட்னிசலோனைப் பல முறை கொடுத்தபோது தசைச் சேதம் கூடியதாகவும் துடிப்புக் கோளாறுகள் மிகுந்ததாகவும் 1976-இல் ராபர்ட்ஸ் குழுவினர் எழுதினார்கள். ஆறாத வடு மெலிந்து, இதயச் சுவர் கிழிந்துவிடுமோ என்ற அச்சம் அன்று முதல் நிலைத்தது. பழைய ஸ்டீராய்டு ஆய்வுகளை 2003-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது அவ்வளவு தீங்கு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் ஸ்டீராய்டு அந்தக் களத்தை விட்டே போயிருந்தது. சிறிய ஆய்வுகள் தந்த நம்பிக்கை, அதன்பின் சிறிய ஆய்வுகள் தந்த அச்சம் என்ற இந்தச் சுற்று இத்துறையில் பின்னாலும் திரும்பத் திரும்ப வந்தது.

சைட்டோகைன் கருதுகோளும் அதன் சரிவும்

செல்களை விட்டு, அவை சுரக்கும் வேதிச் செய்திகளின் பக்கம் 1990-இல் கவனம் திரும்பியது. முற்றிய இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில், குறிப்பாக உடல் மெலிந்து உருக்குலைந்தவர்களிடம், டி.என்.எஃப். என்ற சைட்டோகைன் மிகுந்திருப்பதை மில்டன் பேக்கர் உள்ளிட்ட குழு அந்த ஆண்டு வெளியிட்டது. நலமான இதயத் தசையில் காணப்படாத டி.என்.எஃப். தளர்ந்த இதயத் தசையில் உற்பத்தியாவதும் சில ஆண்டுகளில் தெரிந்தது. இதயத்தில் மட்டும் அது மிகையாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு இதயம் விரிந்து தளர்ந்தது. அவை சீக்கிரமே செத்தன. டக்ளஸ் மேன் போன்றோர் இவற்றையெல்லாம் இணைத்துச் சைட்டோகைன் கருதுகோளை வகுத்தார்கள். தொடக்கத்தில் இதயத்துக்கு அடி விழுவது எதனாலானாலும், அதன்பின் நோயை முன்னே தள்ளிக்கொண்டு போவதில் இந்த அழற்சிச் சுரப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அதன் சாரம்.

கருதுகோள் அழகானது, மருந்தும் கையில் தயாராக இருந்தது. மூட்டுவாதத்துக்குப் பயன்பட்ட எட்டனர்செப்ட், டி.என்.எஃப்.-ஐப் பிடித்து முடக்குவது. சில பத்து நோயாளிகளிடம் நடந்த முதல் ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. உடனே இரண்டு பெரிய ஆய்வுகள் தொடங்கின. வட அமெரிக்காவில் நடந்தது ரெனைசன்ஸ். ஐரோப்பாவை மையமாகக் கொண்டது ரெக்கவர். இரண்டிலும் சேர்த்து 2,000-க்கும் அதிகமான நோயாளிகள். பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் 2001-இல் இரண்டையும் பாதியில் நிறுத்தினார்கள்.

டி.என்.எஃப்.-ஐ முடக்கும் இன்னொரு மருந்தான இன்ஃபிளிக்சிமேபைச் சோதித்த அட்டாச் ஆய்வின் முடிவு இன்னும் மோசம். 150 பேர் கொண்ட அந்த ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் பெற்றவர்களிடம் இறப்பும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும், போலி மருந்து பெற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கூடின. அதனால்தான் மூட்டுவாதத்துக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் நோயாளியின் இதயம் எப்படி இருக்கிறது என்று இன்றும் விசாரிக்கிறார்கள்.

ஏன் தோற்றது? விளக்கங்கள் மூன்று. இன்ஃபிளிக்சிமேப், செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப்.-ஐயும் பற்றிக்கொள்கிறது, அப்படிப் பற்றிய செல்லையே அழித்துவிடவும் கூடும். தளர்ந்த இதயத்தில் அது எந்தச் செல்லாகவும் இருக்கலாம். இது மருந்தின் மேல் பழி போடும் விளக்கம். இரண்டாவது விளக்கம் உயிரியலைச் சார்ந்தது. டி.என்.எஃப். முழுக்கக் கெட்டதல்ல. அதன் இரண்டு ஏற்பிகளும் இல்லாத எலிகளுக்கு மாரடைப்பு உண்டாக்கியபோது தசைச் சேதம் குறையவில்லை, கூடியது. மிகையாக இருந்தால் நஞ்சாகும் பொருள், அளவோடு இருந்தால் தசைக்குக் காப்பு. மூன்றாவது, நோயாளித் தேர்வைப் பற்றியது. ரத்தத்தில் அழற்சி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் அந்த ஆய்வுகளில் சேர்த்தார்கள்.

மூன்றையும் ஒதுக்க முடியாது. என்றாலும் கூடுதல் எடை இரண்டாவதற்கே உண்டு என்பது இக்கட்டுரையின் கணிப்பு. மருந்து தவறு, ஆள் தவறு என்பவை அடுத்த சோதனையில் திருத்திக்கொள்ளக்கூடியவை. ஆனால் ஒரே பொருள் காக்கவும் கெடுக்கவும் செய்யுமென்றால் அதை மொத்தமாக அடைப்பது எந்த மருந்தால் செய்தாலும் சிக்கல்தான். 2008-இல் வெளியான அக்ளெய்ம் ஆய்வும் இதையே நினைவூட்டியது. நோயாளியின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு உட்படுத்தி, அவருக்கே தசையில் ஊசியாகப் போடும் முறை அது. 2,400-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்தும் முதன்மை இலக்கில் பலன் கிட்டவில்லை.

இதயத்தசை அழற்சி தரும் வேறொரு சாட்சியம்

தொற்றாலோ தன்னெதிர்ப்பாலோ இதயத் தசையே அழற்சியுறும் நோய் இதன் அருகிலேயே இருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் இதயத்தை நேரடியாகத் தாக்குகின்றன என்பதில் இங்கே சந்தேகமில்லை. அப்படியிருந்தும் 1995-இல் வெளியான பெரிய சோதனையில் ஸ்டீராய்டும் எதிர்ப்படக்கி மருந்தும் பெற்ற நோயாளிகள், பெறாதவர்களைவிட மேலாக இல்லை.

2009-இல் ரோமில் ஃபிரஸ்டாச்சி குழு செய்த டிமிக் ஆய்வு வேறு வழியில் போனது. 85 பேர், ஒவ்வொருவரின் இதயத் தசையிலிருந்தும் துணுக்கெடுத்துப் பரிசோதித்து, அழற்சி இருந்தும் வைரஸ் இல்லாதவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் பிரட்னிசோனும் அசதியோப்ரினும் பெற்றவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இதயம் தேறியது. போலி மருந்து பெற்றவர்களில் ஒருவரும் தேறவில்லை. ஒரே மையத்தில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இதையே முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் அது காட்டிய பாடம் பெரிது. அழற்சியை மட்டும் பார்க்காமல், தசையில் வைரஸ் இல்லை என்பதையும் பார்த்து ஆளைத் தேர்ந்தபோது முடிவு தலைகீழானது. நோய் எதிர்ப்புச் செல்களின் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் சோதனைச்சாவடித் தடுப்பு மருந்துகளால் அரிதாக வரும் கொடிய இதயத்தசை அழற்சியும் 2016 முதல் இன்னொரு தடயத்தைத் தருகிறது. இதயத் தசைக்கே உரிய ஆல்ஃபா மயோசின் புரதத்தை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அதில் கண்டறியப்பட்டன.

இரண்டு வம்சங்கள்

கேள்வியின் வடிவத்தையே மாற்றியவை மேக்ரோஃபேஜ்கள் எனப்படும் விழுங்கு செல்கள். 2007-இல் நாரென்டார்ஃபும் ஸ்விர்ஸ்கியும் சகாக்களும் எலிகளில் மாரடைப்புக்குப் பின் இரண்டு அலைகளைக் கண்டார்கள். முதல் சில நாட்களில் வரும், பின்னர் மேக்ரோஃபேஜ்களாக மாறும் மோனோசைட்டுகள் கடுமையானவை. செத்த திசுவைச் செரித்து அகற்றுபவை. அதன்பின் மிகுவது வேறு வகை. புது ரத்தக்குழாய்களையும் வடுவையும் வளர்க்க உதவுவது. முதல் அலையை முற்றாகத் தடுத்தால் குப்பை அகலாது. அது அளவு மீறி நீடித்தால் வடு உறுதிப்படாது. இந்தச் செல்களில் கணிசமான பங்கு மண்ணீரலில் காத்திருந்து புறப்படுவதை 2009-இல் அதே குழுவினர் காட்டினார்கள்.

சேதமே இல்லாத இதயத்திலும் மேக்ரோஃபேஜ்கள் குடியிருப்பது அதற்குப் பின் தெளிவானது. எப்பல்மன், லவின், மேன் ஆகியோர் 2014-இல் எலி இதயத்தின் மேக்ரோஃபேஜ்களைப் பிறப்பிடம் பார்த்துப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் கருவிலிருக்கும்போதே இதயத்தில் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்வது. மற்றது எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தம் வழியாகப் பின்னர் வருவது. பின்னதன் மேற்பரப்பில் சி.சி.ஆர்.2 என்ற ஏற்பி உண்டு, முன்னதில் இல்லை. அழற்சியைத் தூண்டுவது பெரும்பாலும் வந்தேறிய கூட்டம். திசுவைப் பேணுவது குடியிருக்கும் கூட்டம்.

மனித இதயத்திலும் இப்படித்தானா? இதை அறிய 2018-இல் ஒரு நுட்பமான வழி கையாளப்பட்டது. பெண்ணின் இதயம் ஆணுக்கோ, ஆணின் இதயம் பெண்ணுக்கோ பொருத்தப்பட்டவர்களின் இதயத் திசுவில் மேக்ரோஃபேஜ்களின் பால் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். சி.சி.ஆர்.2 இல்லாதவை பெரும்பாலும் இதயம் தந்தவருடையவை. அந்த ஏற்பி உள்ளவை இதயம் பெற்றவரின் உடலிலிருந்து வந்தவை. குடியிருப்பவை, வந்தேறியவை என்ற பிரிவு எலிக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது வலுவான சான்று. இயந்திரப் பம்ப் பொருத்தப்பட்ட நோயாளிகளில், வந்தேறிய வகை மிகுந்திருந்தவர்களின் இதயம் குறைவாகவே தேறியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களின் வேலைப் பட்டியல் அதன்பின் வியக்கும்படி நீண்டது. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின் துடிப்பைக் கடத்தும் முடிச்சில் அவை தசைச் செல்களோடு மின்தொடர்பு கொண்டிருப்பதை 2017-இல் ஹல்ஸ்மன்ஸ் குழு கண்டது. எலியில் அவற்றை நீக்கினால் அந்தக் கடத்தல் தடைபட்டது. தசைச் செல்கள் தம் பழுதான மைட்டோகாண்டிரியாக்களைப் பொதிகளாக வெளியே தள்ள, அவற்றை வாங்கி அழிப்பதும் இவையே என்று 2020-இல் தெரிய வந்தது. நோய் எதிர்ப்புச் செல் என்ற பெயர் இவற்றின் பணிக்கு ஈடுகொடுக்கவில்லை. இதயத்தின் அன்றாட இயக்கத்தில் பங்கு கொள்பவற்றை எதிரிப் பட்டியலில் சேர்த்து அடக்கப் பார்த்த பழைய அணுகுமுறை எவ்வளவு கரடுமுரடானது என்பது இங்கே புலப்படுகிறது.

ஆனாலும் குடியிருப்பது நல்லது, வந்தது கெட்டது என்று முடித்துவிட முடியாது. விறைத்த இதய வகையைப் பற்றி ஹல்ஸ்மன்ஸ் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தடை போடுகிறது. அழற்சியைத் தணிப்பதாகப் பெயர் பெற்ற சைட்டோகைன் இன்டர்லூகின்-10. எலி இதயத்தில் மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுரந்தபோது நார்ச்செல்கள் தூண்டப்பட்டு நார்த்திசு பெருகியது, இதயம் விறைத்தது. மேக்ரோஃபேஜ்களில் அந்தச் சுரப்பை மட்டும் நீக்கியதும் இதயம் நன்றாக விரிந்தது. மாரடைப்புக்குப் பின் வடுவை உறுதிப்படுத்த உதவும் அதே நார்த்திசு, சேதமில்லாத சுவரில் பெருகினால் நோய். அழற்சி குறைந்தால் இதயம் தேறும் என்ற எளிய சமன்பாடு இங்கே உடைந்துபோகிறது.

டி செல்: ஒரே செல், எதிரெதிர்த் தீர்ப்புகள்

டி செல்களைப் பற்றிய இரண்டு எலி ஆய்வுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் முரண்பாடு கண்ணுக்குத் தெரியும். 2012-இல் ஹாஃப்மன் குழு, சி.டி.4 என்ற வகை டி செல்கள் இல்லாத எலிகளுக்கு மாரடைப்பு உண்டாக்கியது. காயம் சரியாக ஆறவில்லை. இதயச் சுவர் கிழிந்து செத்தவை மிகுதி. 2014-இல் லரூமனி குழு, அதே செல்கள் இல்லாத எலிகளின் பெருநாடியை இறுக்கி இதயத்தின் மேல் அழுத்தத்தைக் கூட்டியது. தசை தடித்தபோதும் அவை இதயச் செயலிழப்பை நோக்கிச் செல்வது தடைபட்டது.

அதே செல் ஓரிடத்தில் ஆற்றுகிறது, இன்னோரிடத்தில் அழிக்கிறது. திடீர்க் காயத்துக்கு ஒரு விதி, நீண்டகாலச் சுமைக்கு வேறு விதி என்பது இதற்கு இப்போதுள்ள பொருத்தமான விளக்கம். மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குமுறை டி செல்களும் காலப்போக்கில் குணம் மாறி அழற்சியின் பக்கம் சாய்வதாக 2019-இல் பன்சல் குழு எலிகளில் காட்டியது. பி செல்களும் வழக்கில் உண்டு. மோனோசைட்டுகளை மஜ்ஜையிலிருந்து வெளியே அழைக்கும் சைகையை அவை தருவதாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றை நீக்கும் மருந்தை மாரடைப்பு நோயாளிகளிடம் சோதிக்கும் முயற்சிக்கு அது வழிவிட்டது.

டி செல்லையே மருந்தாக்கும் துணிச்சலும் வந்திருக்கிறது. குறித்த இலக்கைத் தாக்கும்படி, புற்றுநோய்க்குப் பயன்படும் கார்-டி முறையில் மாற்றிய டி செல்களைக் கொண்டு இதயத்தின் நார்ச்செல்களை அழித்து, நார்த்திசுவைக் குறைப்பதை 2019-இல் எப்ஸ்டீன் குழு எலிகளில் செய்துகாட்டியது. 2022-இல் அதே குழுவினர் செல்களை வெளியே எடுக்காமல், எம்.ஆர்.என்.ஏ. ஊசி வழியாக உடலுக்குள்ளேயே அவற்றைத் தற்காலிகமாக மாற்றினார்கள். மனிதருக்கு வர இன்னும் வெகுதூரம் உண்டு.

மஜ்ஜையிலிருந்து வரும் வழி

நோயின் மூலம் இதயத்தில்தான் இருக்க வேண்டுமா என்ற ஐயத்தை எழுப்பியது குளோனல் ஹீமட்டோபொயீசிஸ். வயதாக ஆக மஜ்ஜையின் ஒரு ஸ்டெம் செல்லில் டெட்2, டி.என்.எம்.டி.3ஏ போன்ற மரபணுக்களில் பிறழ்வு நேர்ந்து, அதன் வாரிசுச் செல்கள் ரத்தத்தில் மிகுகின்றன. எழுபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது காணப்படுகிறது. டெட்2 இழந்த விழுங்கு செல்கள் இன்டர்லூகின்-1-ஐ அதிகம் சுரந்து இதயத்தைத் தளர்த்துவதை 2018-இல் எலிகளில் கண்டார்கள். அடுத்த ஆண்டு, மாரடைப்பின் விளைவாக இதயம் தளர்ந்த 200 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் இந்தப் பிறழ்வு உள்ளவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு. டோக்கியோவின் ஃபுஜியூ உள்ளிட்டோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இதயச் செயலிழப்புற்ற எலிகளின் ஸ்டெம் செல்களை நலமான எலிகளுக்கு மாற்றியபோது அவற்றின் இதயமும் தளர்ந்தது. ஒருமுறை நேர்ந்த தளர்ச்சியின் பதிவு மஜ்ஜையில் தங்கிவிடுவதாக அவர்கள் வாதிடுகிறார்கள். நோயாளி வீடு திரும்பியும் மறுபடி மறுபடி மருத்துவமனைக்கு வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இதுவரை எலியில் மட்டுமே நிறுவப்பட்டது என்பதால் அதற்கு மேல் சொல்ல முடியாது.

மீண்டும் மருந்துகள், மீண்டும் எச்சரிக்கை

டி.என்.எஃப். தோல்விக்குப் பின் அடங்கியிருந்த நம்பிக்கையை 2017-இல் கான்டோஸ் ஆய்வு எழுப்பியது. முன்பே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் அழற்சிக் குறியீடும் உயர்ந்திருந்த 10,061 பேர். இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமேப் மருந்தின் 150 மில்லிகிராம் அளவு, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதும் மருந்தின் அளவுக்கேற்பக் குறைந்ததாக 2019-இல் தெரிவித்தார்கள். ஆனால் அது துணைப் பகுப்பாய்வு மட்டுமே. அந்த ஆய்வில் உயிரைப் பறித்த தொற்றுகளும் கூடின. இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் இன்னொரு மருந்தான அனகின்ராவை 99 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வில் புதிய இதயச் செயலிழப்பு குறைந்தது; எண்ணிக்கையோ சிறியது. மூட்டுவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் இதயத்தில் பலன் தரவில்லை. அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின், மாரடைப்புக்குப் பின் பலன் தருவதாக 2019-இல் பெயர் பெற்றது. ஆனால் அதை ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் சோதித்து 2024-இல் வெளியான கிளியர் ஆய்வில் பலன் தெரியவில்லை.

இந்தியாவுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு உண்டு. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இங்கே இருக்கிறார். இன்ஃபிளிக்சிமேப் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பது 2001 முதல் அறியப்பட்டது. மேலை நாடுகளில் சிறிதெனக் கருதப்படும் தொற்று அபாயம் இங்கே பெரிதாகலாம். அழற்சியை அடக்கும் எந்த மருந்தையும் இங்குள்ள நோயாளிகளிடம் சோதிக்காமல் அங்குள்ள எண்களை வைத்து இங்கே பரிந்துரைப்பது சரியல்ல.

முடியாமல் நிற்பவை

செல்களை மொத்தமாக நண்பர் என்றோ பகைவர் என்றோ சொல்லும் இரு பதில்களும் தாக்குப்பிடிக்கவில்லை. எந்தச் செல், எப்போது, எந்த வகைத் தளர்ச்சியில் என்று கேட்பதே இப்போது மேலோங்கிய நிலைப்பாடு. ஆனால் அதற்குச் சார்பான சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தவை. ஆய்வுக்கூட எலி இளமையானது. சர்க்கரை நோய், சிறுநீரகப் பழுது, முதுமை எதுவும் பெரும்பாலும் அதற்கில்லை. அதன் மாரடைப்பு, நலமான ரத்தக்குழாயில் முடிச்சுப் போட்டு உண்டாக்கப்பட்டது. மனித நோயாளி அப்படி வருவதில்லை.

இதயத்துக்குள் உள்ள அழற்சியை, துணுக்கெடுக்காமல் அளக்கவும் நம்பகமான வழி இன்னும் வேண்டும். சி.ஆர்.பி. உடல் முழுதுக்குமான குறியீடு. இதயத்தில் எந்தக் கூட்டம் மிகுந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. சி.சி.ஆர்.2 செல்களைக் காட்டும் பெட் ஸ்கேன் முறைகள் சோதனை நிலையில் உள்ளன. ஆளைத் தேர்ந்தெடுக்க அவை உதவினால், ரோமில் சிறிய அளவில் கண்டதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க முடியும். ஆபத்தான வந்தேறிகளை மட்டும் தடுத்து, குடியிருப்பவற்றை விட்டுவைக்கும் மருந்து மனிதரிடம் பலன் தருமா என்பதற்கும் இன்னும் விடையில்லை.

இவற்றுக்கு விடை வரும்வரை, இதயச் செயலிழப்புக்கென்றே எதிர்ப்படக்கி மருந்துகளை வழக்கமாகத் தருவதற்கு ஆதாரம் போதாது. ஜயன்ட் செல் மயோகார்டைட்டிஸ் என்னும் இதயத்தசை அழற்சி போன்ற நிரூபிக்கப்பட்ட அழற்சி நோய்கள் மட்டுமே விதிவிலக்கு. அடுத்த பெரிய ஆய்வு எந்த மருந்தைச் சோதித்தாலும், முதலில் நோயாளியின் இதயத்துக்குள் அழற்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அவரைச் சேர்க்க வேண்டும்.